கம்ப்யூட்டபிலிட்டி, ரேண்டம்னெஸ் துறையில் பிஎச்.டி.: விண்ணப்பத்திலிருந்து முதல் வேலை வரை

எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, கணினியால் எதைக் கணக்கிட முடியும் (கம்ப்யூட்டபிலிட்டி), எந்த எண்வரிசையைத் தற்செயலானது என்று சொல்லலாம் (ரேண்டம்னெஸ்) என்ற கேள்விகளில் மனம் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்த வழியில் நியூசிலாந்து போய் பிஎச்.டி. முடித்தேன். விண்ணப்பிக்க நினைத்த நாளிலிருந்து விமானம் ஏறும்வரை இரண்டரை வருடம் ஆனது. அதில் ஒரு வருடத்துக்கு மேல் சும்மா போயிற்று. கணிதம் அதற்குக் காரணம் இல்லை. சான்றிதழில் என் பெயர் இருந்த விதமும், யாருக்கு எப்படி எழுதுவது என்று சொல்லித்தர ஆள் இல்லாததும்தான். உங்களுக்கு அந்த ஒரு வருடமாவது மிஞ்சட்டும்.

கட்டணங்களும் தேதிகளும் வருடா வருடம் மாறும். கீழே உள்ளவற்றைத் திட்டம் போட வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் அன்று அந்தந்தத் தளத்தில் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

1. முதலில் இரண்டு நாள் ஒரே ஒரு கணக்கோடு உட்காருங்கள்

இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்கச் செலவில்லாத வழி இது. 0, 1 மட்டும் வைத்து எழுதிய நிரல்களை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிரலும் இன்னொரு நிரலின் தொடக்கமாக இருக்கக்கூடாது. ஓடி ஒரு கட்டத்தில் நின்றுவிடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பின்னம் கொடுங்கள்: நீளம் 3 என்றால் 1/8, நீளம் 5 என்றால் 1/32, இப்படி. எல்லாவற்றையும் கூட்டினால் வருவது கணிதவியலாளர் சைத்தினின் ஒமேகா என்ற எண். அதை இரும வடிவில் எழுதி, முதல் 10 இலக்கங்களை யாரோ உங்களிடம் சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து இலக்கங்களை வைத்தே, நீளம் 10 வரை உள்ள எந்த நிரல் நிற்கும், எது நிற்கவே நிற்காது என்று முழுதாகச் சொல்லிவிடலாம்.

எப்படி? எல்லா நிரல்களையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டுங்கள். ஒவ்வொன்று நிற்கும்போதும் அதன் பின்னத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். கூட்டுத்தொகை அந்தப் பத்து இலக்க மதிப்பைத் தொட்டதும் நிறுத்திவிடலாம். அதுவரை நிற்காத ஒரு குட்டி நிரல் பிறகு நின்றால், குறைந்தது 1/1024 கூடும். கூடினால் உங்களிடம் சொன்ன பத்து இலக்கங்களே தப்பாகிவிடும். ஆகவே அது இனி நிற்காது.

இதை மூடிவைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் நீங்களே நிறுவிப் பாருங்கள். கூட்டுத்தொகை ஏன் 1-ஐத் தாண்டாது, சரியாகப் பத்து இலக்கத்தோடு முடிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற ஓட்டைகளையும் அடையுங்கள். இரண்டு நாள் போனதே தெரியவில்லை என்றால் மேலே படியுங்கள். எரிச்சலாக இருந்தால் கணிதத்தில் வேறு எத்தனையோ நல்ல துறைகள் இருக்கின்றன. இந்தத் துறையில் வேலைகள் குறைவு. இந்த ருசி இல்லாமல் ஐந்தாறு வருடம் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

2. படிக்க வேண்டியது

நம் எம்.எஸ்சி. பாடத்திட்டத்தில் மெஷர் தியரி வந்துவிடும். அதைப் பரீட்சைக்காக இல்லாமல் ஒழுங்காகப் படியுங்கள், இங்கே தினமும் கைகொடுப்பது அதுதான். கம்ப்யூட்டபிலிட்டி பெரும்பாலான கல்லூரிகளில் இருக்காது. அதற்கு ராபர்ட் சோர் 2016-இல் வெளியிட்ட ட்யூரிங் கம்ப்யூட்டபிலிட்டி புத்தகத்தின் முன்பாதி போதும்.

ரேண்டம்னெஸுக்கு இரண்டு தடிமனான புத்தகங்கள் உண்டு: ஆந்த்ரே நீஸ் எழுதி 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது ஒன்று, ராட் டௌனியும் டெனிஸ் ஹிர்ஷ்ஃபெல்டும் எழுதி 2010-இல் ஸ்பிரிங்கர் வெளியிட்டது இன்னொன்று. இரண்டாவது எண்ணூறு பக்கத்துக்கு மேல். அதை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கி மூன்று மாதத்தில் மூச்சு முட்டி நின்றேன். நீஸ் புத்தகத்தில் முதல் மூன்று அத்தியாயங்களைப் பயிற்சிக் கணக்குகளோடு முடியுங்கள். மற்றதைத் தேவைப்படும்போது திறந்து பார்க்கலாம். காசு செலவழிக்க முடியாதென்றால் ஷென், உஸ்பென்ஸ்கி, வெரெஷ்சாகின் மூவரும் எழுதிய கோல்மகோரவ் காம்ப்ளெக்சிட்டி புத்தகம் இருக்கிறது. ஆசிரியர்களே இலவசமாகப் பிடிஎஃப் வைத்திருக்கிறார்கள். மிக நல்ல புத்தகம்.

ஆள் துணை வேண்டும் என்றால், இந்தியத் தர்க்கவியல் சங்கம் நடத்தும் ஐஎஸ்எல்ஏ என்ற பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பியுங்கள். பின்னால் பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடிய ஒருவரை அங்கே சந்திக்க வாய்ப்பு உண்டு.

3. ஆளைத் தேடுங்கள், பல்கலைக்கழகம் அப்புறம்

பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு மேலிருந்து விண்ணப்பிப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். இந்தத் துறையில் அது பணத்தைக் கரைக்கும் வேலை. பட்டியலில் மேலே இருக்கும் பல பெரிய துறைகளில் இதைச் செய்பவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். உலகம் முழுவதும் சேர்த்தாலும் இது சின்னக் குடும்பம். ஒருவர் கட்டுரையைப் படித்தால் அதில் இன்னும் நாலு பேரைத் தெரிந்துகொள்ளலாம்.

நான் போட்ட பட்டியலை அப்படியே தருகிறேன். நியூசிலாந்தில் வெலிங்டனில் விக்டோரியா பல்கலைக்கழகம், ராட் டௌனி பல வருடமாக வளர்த்த இடம், நோம் கிரீன்பர்க் அங்கே இருக்கிறார். ஆக்லாந்தில் ஆந்த்ரே நீஸ். அமெரிக்காவில் விஸ்கான்சின் மேடிசனில் ஜோசப் மில்லர், சிகாகோவில் ஹிர்ஷ்ஃபெல்ட், பென் ஸ்டேட்டில் யான் ரைமன், ஹவாயில் பியோர்ன் கியோஸ்-ஹான்சன், கணினி அறிவியல் பக்கம் அயோவா ஸ்டேட்டில் ஜாக் லட்ஸ். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ஸ்டீஃபன். பிரான்சில் மான்பெல்லியேயில் அலெக்சாண்டர் ஷென். இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்றால் ஐஐடி கான்பூர் கணினி அறிவியல் துறையில் சத்யதேவ் நந்தகுமார் இதே துறையில் வேலை செய்கிறார். வெளிநாடு ஒன்றுதான் வழி என்று நினைத்துவிட வேண்டாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. புத்தகத்தின் அட்டையில் பார்த்த பெயர் இன்றைக்கும் மாணவர்களை எடுப்பார் என்று நம்பாதீர்கள். ஓய்வுபெற்றிருக்கலாம், ஓய்வு நெருங்கியிருக்கலாம், ஊர் மாறியிருக்கலாம், வேறு தலைப்புக்குப் போயிருக்கலாம். அவரது சொந்தப் பக்கத்தில் கடைசி மூன்று வருடக் கட்டுரைகள் எதைப் பற்றியவை, இப்போதைய மாணவர்கள் யார் என்று பாருங்கள். இளம் பேராசிரியர்களையும் பட்டியலில் சேருங்கள். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசும் நேரம் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும்.

4. எந்த நாடு: காலத்தையும் காசையும் பார்த்து முடிவெடுங்கள்

அமெரிக்காவில் பிஎச்.டி. ஐந்து அல்லது ஆறு வருடம். முதல் இரண்டு வருடம் பாடங்களும் தகுதித் தேர்வுகளும். பாடம் நடத்த உதவினால் கட்டணம் தள்ளுபடி, மாதச் சம்பளம். கம்ப்யூட்டபிலிட்டியில் அடித்தளம் பலமில்லை என்றால் இதுதான் நல்லது, அங்கே போய்க் கற்றுக்கொள்ள நேரம் கொடுப்பார்கள். விண்ணப்பக் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் 1-லிருந்து ஜனவரி நடுவரை. நிதியுதவியோடு இடம் வந்தால் பொதுவாக ஏப்ரல் 15 வரை யோசிக்கலாம். அதற்கு முன் கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் அந்தத் தேதியைப் பணிவாக நினைவூட்டுங்கள்.

நியூசிலாந்தில் மூன்று வருடம், இழுத்தால் நாலு. பாடங்கள் கிடையாது, முதல் நாளே ஆராய்ச்சி. வெளிநாட்டு மாணவர்களுக்கும் பிஎச்.டி.க்கு உள்நாட்டுக் கட்டணம்தான்: வருடத்துக்கு ஏறத்தாழ 7,000 முதல் 9,000 நியூசிலாந்து டாலர். மற்ற பட்டங்களுக்கு வெளிநாட்டவர் கட்டுவதைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சலுகை என்று புரியும். ஆனாலும் உதவித்தொகை இல்லாமல் போகவேண்டாம். பல்கலைக்கழக டாக்டரல் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் போய், வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல் கையில் வரும். நான் விண்ணப்பித்த காலத்தில் வெலிங்டனில் மார்ச், ஜூலை, நவம்பர் முதல் தேதிகளில் சுற்றுகள் இருந்தன. ஒரு சுற்றில் கிடைக்காவிட்டால் அடுத்ததில் போடலாம் என்பது பெரிய ஆறுதல். இன்னொரு வழி, மார்ஸ்டன் நிதி என்ற அரசு ஆராய்ச்சி நிதி. பேராசிரியருக்கு அந்த நிதி கிடைத்திருந்தால் அதிலிருந்தே ஒரு மாணவருக்கு உதவித்தொகை கொடுக்க முடியும். அது இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்கலாம், தப்பில்லை.

இந்தியாவில் கேட் தேர்வு, அல்லது நெட் தேர்வில் கிடைக்கும் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வழி. ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டுவாடகைப் படி தனி.

5. பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல்

என் முதல் மின்னஞ்சலை 14 பேருக்கு அனுப்பினேன். பெயர் மட்டும் மாறும், மற்றதெல்லாம் ஒன்றே. கடின உழைப்பாளி, சிறுவயதிலிருந்தே கணித ஆர்வம், உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகம், மதிப்பெண் 87 சதவீதம். ஒருவரும் பதில் போடவில்லை. நான்கு மாதம் காத்திருந்தேன்.

அப்புறம் ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு ஆறு வாரம் உட்கார்ந்தேன். கே-டிரிவியல் கணங்களைப் (தற்செயல்தன்மைக்கு நேரெதிர்க் கோடியில் இருப்பவை) பற்றியது. அதில் ஒரு துணைத்தேற்றத்தின் நிறுவலில், செலவுச் சார்பின் மொத்தம் முடிவுள்ளது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு அது புரியவில்லை. நானே ஒரு பக்கம் எழுதி நிரப்பினேன். பிறகு அந்தக் கட்டுரையாசிரியருக்கு எழுதினேன்: இந்தப் பக்கத்தில் இந்த வரியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், இணைப்பில் ஒரு பக்கம் இருக்கிறது, சரியா? இதே வாதம் பலவீனமான இந்த நிபந்தனைக்கும் ஓடுமா? கடைசி இரண்டு வரியில், நான் யார், எந்த வருடம் பிஎச்.டி. சேர நினைக்கிறேன் என்று. இரண்டே நாளில் பதில் வந்தது. நான் எழுதியதில் ஒரு தவறு இருந்ததைக் காட்டி, அதைச் சரிசெய்யும் வழியையும் சொல்லியிருந்தார்.

நீங்களும் இப்படியே செய்யுங்கள். ஒருவருக்கு ஒரு கட்டுரை, ஒரு கேள்வி. மின்னஞ்சல் பதினைந்து வரியைத் தாண்ட வேண்டாம். இணைப்பாக ஒரு பக்கக் கணிதம், மதிப்பெண் பட்டியல், ஒரு பக்கத் தன்விவரம். கணிதப் பக்கத்தை லேட்டெக் என்ற மென்பொருளில் தட்டச்சு செய்யுங்கள். கைப்பேசியில் பிடித்த நோட்டுப் புத்தகப் படம் வேண்டாம். மூன்று வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள்.

செய்யக்கூடாத ஒன்று: துறையின் பெரிய திறந்த கேள்வியைத் தீர்த்துவிட்டேன் என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதுவது. கோல்மகோரவ்-லவ்லண்ட் ரேண்டம்னெஸ், மார்ட்டின்-லூஃப் ரேண்டம்னெஸ் என்று தற்செயலுக்கு உள்ள இரண்டு வரையறைகளும் ஒன்றா என்ற கேள்வி பல ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. அதை முயன்று பாருங்கள், நல்ல பயிற்சி. ஆனால் அறிமுகக் கடிதத்தில் அது வந்தால் மீதியை யாரும் படிக்கமாட்டார்கள்.

அமெரிக்காவில் சேர்க்கையை ஒரு குழு முடிவுசெய்யும், தனி ஒருவர் இல்லை. நியூசிலாந்தில் வழிகாட்டி சம்மதிக்காமல் விண்ணப்பமே நகராது. ஆகவே அங்கே இந்த மின்னஞ்சல்தான் உங்கள் உண்மையான விண்ணப்பம்.

6. பெயர், இனிஷியல், சான்றிதழ்

கணிதத்துக்கு முன்னால், இதைப் படிக்கும் இன்றைக்கே தொடங்க வேண்டிய வேலை இது. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. வெளிநாட்டு விண்ணப்பத்தில் இரண்டு பெட்டி இருக்கும், இரண்டையும் நிரப்பியே ஆகவேண்டும். உதாரணத்துக்கு, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மு. கார்த்திக். பட்டச் சான்றிதழில் கார்த்திக் மு. பாஸ்போர்ட்டில் கார்த்திக் முருகன் என்று இரண்டும் சேர்ந்து முதல் பெயர்ப் பெட்டியில், குடும்பப் பெயர்ப் பெட்டி காலி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். வெலிங்டனிலோ விஸ்கான்சினிலோ உட்கார்ந்திருக்கும் அலுவலருக்குத் தெரியாது. குடும்பப் பெயர் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் தெரியாது என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கம் முன்னால் வந்து உட்காரும். அப்புறம் வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், பல்கலைக்கழக அட்டை என்று எல்லா இடத்திலும் அது கூடவே வரும்.

செய்ய வேண்டியவை:

முதலில் பாஸ்போர்ட். இனிஷியலை விரித்து, பெயரையும் தந்தை அல்லது தாய் பெயரையும் இரண்டு பெட்டியில் பிரித்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். இதை ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுப் பதிவுக்கு முன்னால் முடியுங்கள். தேர்வு முடிவில் வரும் பெயர் பாஸ்போர்ட்டோடு பொருந்த வேண்டும்.

பிறகு, எல்லாப் பெயர் வடிவங்களும் ஒரே நபருடையவை என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம், ஆங்கிலத்தில். சான்றிதழில் வரும் எழுத்துக்களை அச்சு அசலாக அதில் இருக்கவையுங்கள், ஒரு புள்ளி விடாமல். வண்ணத்தில் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டால் எல்லா விண்ணப்பத்தோடும் இணைக்கலாம்.

மூன்றாவது, டிரான்ஸ்கிரிப்ட் என்ற ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல். பருவ மதிப்பெண் பட்டியல்களை வரிசையாக ஸ்கேன் செய்தால் முதல் கட்டத்துக்குப் பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். இடம் உறுதியானதும், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் தரும் முறையான டிரான்ஸ்கிரிப்ட் கேட்பார்கள். எனக்கு அது கைக்கு வர ஏழு வாரம் ஆனது. வந்ததில் மூன்றாம் பருவத்தின் ஒரு பாடக் குறியீடு தவறாக இருந்தது. திருப்பிக் கொடுத்து இன்னும் ஐந்து வாரம். அதற்குள் ஒரு சுற்றின் கடைசி நாள் போய்விட்டது. கவுண்ட்டரிலேயே நின்று, ஒவ்வொரு வரியையும் உங்கள் மதிப்பெண் பட்டியலோடு விரல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முனகினாலும் பரவாயில்லை. குறைந்தது ஐந்து பிரதி வாங்குங்கள், அதில் மூன்று முத்திரையிட்ட உறையில்.

நான்காவது, பாடம் ஆங்கிலத்தில் நடந்தது என்ற சான்று. கல்லூரி முதல்வரிடம் ஒரே நாளில் கிடைக்கும். அது இருந்தால் சில இடங்களில் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

பட்டமளிப்பு விழா தள்ளிப்போய் பட்டச் சான்றிதழ் வரவில்லை என்றால் புரவிஷனல் சான்றிதழ் போதும் என்பார்கள். அதன் மூலத்தைக் கல்லூரியிலோ வேலை செய்யும் இடத்திலோ கொடுத்துவிட்டு வராதீர்கள்.

7. தேர்வும் செலவும்

ஐஈஎல்டிஎஸ் கட்டணம் 17,000, 18,000 ரூபாய் வரும். நியூசிலாந்தில் பொதுவாக மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையாமல் என்று கேட்பார்கள். மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், ரொம்ப முன்னால் எழுதிவிடாதீர்கள். ஜிஆர்இ நியூசிலாந்துக்குத் தேவையில்லை. அமெரிக்காவில் ஜிஆர்இயின் கணிதப் பாடத் தேர்வை இன்று பல துறைகள் கட்டாயமாக்குவதில்லை. ஆனால் பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து போகிறவர்களுக்கு அது உதவும் என்பது என் கருத்து. உங்கள் 87 சதவீதத்துக்கு என்ன மதிப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு என்று தெரியும். அது செப்டம்பர், அக்டோபர், ஏப்ரலில்தான் நடக்கும், கட்டணம் 150 டாலர். டிசம்பர் விண்ணப்பத்துக்குச் செப்டம்பரில் எழுதுங்கள்.

அமெரிக்க விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றும் 75 முதல் 125 டாலர். ஏழு இடம் என்றால் அதுவே அறுபதாயிரம் ரூபாயை நெருங்கும். சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி, குடும்ப வருமானத்தைச் சொல்லிக் கட்டண விலக்குக் கேளுங்கள். எல்லோரும் தரமாட்டார்கள், ஆனால் கேட்பதற்குக் காசில்லை. எனக்கு இரண்டு இடத்தில் கிடைத்தது. ஏஜெண்டிடம் போகாதீர்கள். இந்தத் துறையில் யார் மாணவர் எடுக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. நீங்களே பூர்த்தி செய்யக்கூடிய படிவத்துக்குத்தான் காசு வாங்குவார்கள்.

8. பரிந்துரைக் கடிதம்

மூன்று பேர் வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காக ஒருவரிடம் வாங்காதீர்கள். உங்களோடு உட்கார்ந்து ஒரு நிறுவலைப் பேசியவர், நீங்கள் கரும்பலகையில் நின்று தடுமாறி மீண்டதைப் பார்த்தவர், அவர்தான் சரி. நம் ஊரில், நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருப்பதைப் படிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பதிலாக ஐயாவிடமோ அம்மாவிடமோ ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்த வருடம் எந்தப் பாடம், செமினாரில் என்ன பேசினேன், எந்தக் கணக்கில் என்ன செய்தேன். அதைப் பார்த்து அவரே தன் சொற்களில் எழுதட்டும். கடைசி நாளுக்கு ஆறு வாரம் முன்பு கேளுங்கள். கடிதத்தைப் பதிவேற்ற வரும் லிங்க் அவர் மின்னஞ்சலில் குப்பைப் பெட்டிக்குள் போயிருக்கும். நேரில் போய்க் கூட உட்கார்ந்து பதிவேற்ற உதவினால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

9. விசா

நியூசிலாந்துக்கு: இடம் உறுதிக் கடிதம், உதவித்தொகைக் கடிதம், மருத்துவப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, காவல்துறைச் சான்று. வருடத்துக்கு 20,000 நியூசிலாந்து டாலர் வாழ்க்கைச் செலவுக்கு ஆதாரம் கேட்பார்கள். முழு உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அப்பா பெயரில் வங்கிக் கையிருப்புக் காட்டவேண்டிய அலைச்சல் இல்லை. எக்ஸ்ரேயை அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே எடுக்கவேண்டும். தெருமுனை ஸ்கேன் சென்டரில் எடுத்தது செல்லாது. காவல்துறைச் சான்று பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாய். விண்ணப்பிக்கும் நாளில் அது ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும், ஆகவே இடம் கிடைத்த பிறகு எடுங்கள். விசாக் கட்டணம் 2024 அக்டோபரில் 375 டாலரிலிருந்து 750 டாலராக ஏறியது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே போட்டுவிடுங்கள். டிக்கெட்டை விசா வந்த பிறகு எடுக்கலாம்.

அமெரிக்காவுக்கு, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வந்ததும் செவிஸ் என்ற மாணவர் பதிவு அமைப்புக்கான கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர், சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். உங்கள் ஆராய்ச்சி என்ன என்று கேட்டால் மார்ட்டின்-லூஃப் பெயரையெல்லாம் இழுக்காமல், கணினியால் கணக்கிட முடியாதவற்றைப் பற்றிய கணிதம் என்று ஒரே வரியில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

10. போய்ச் சேர்ந்தபின்

வெலிங்டனில் வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள். 250 டாலர் என்று பார்த்து மாதத்துக்கு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். முன்பணமாக நான்கு வார வாடகைவரை கேட்கலாம், அதற்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது. முதல் உதவித்தொகை வர ஒரு மாதம் ஆகலாம். கையில் 3,000 டாலராவது இருக்கட்டும். வரித்துறை எண்ணுக்கு முதல் வாரமே விண்ணப்பியுங்கள், அது இல்லாமல் டியூட்டரிங் வேலை செய்தால் அதிக விகிதத்தில் வரி பிடிப்பார்கள்.

மூன்று வருடத் திட்டத்தில் பெரிய பள்ளம் கடைசியில் இருக்கிறது. உதவித்தொகை 36 மாதத்தோடு அல்லது ஆய்வேட்டைக் கொடுத்த அன்றோடு நின்றுவிடும், எது முதலில் வருகிறதோ அது. ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு வாய்மொழித் தேர்வு முடிய மூன்று நான்கு மாதம் போகும். அந்த இடைவெளிக்கு முதல் வருடத்திலிருந்தே மாதம் கொஞ்சம் ஒதுக்குங்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய நிலையில் இருப்பவர்கள் இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லவில்லை, அந்த நான்கு மாதம் அம்மாவிடம் சொல்லச் சொல் கிடைக்காமல் தவித்தேன்.

கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டால் முடிவு தெரிய ஒரு வருடம், சிலசமயம் இரண்டு. ஆகவே முதல் முடிவை இரண்டாம் வருடத்துக்குள் எழுதி, ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் கட்டுரைக் களஞ்சியத்தில் தர்க்கப் பிரிவில் போட்டுவிடுங்கள். முதல் தடவை அங்கே பதிவேற்ற ஏற்கெனவே அங்கே எழுதும் ஒருவர் ஒப்புதல் தரவேண்டியிருக்கலாம், வழிகாட்டி செய்துவிடுவார். சிசிஆர் (கம்ப்யூட்டபிலிட்டி, காம்ப்ளெக்சிட்டி அண்ட் ரேண்டம்னெஸ்), சிஐஈ (கம்ப்யூட்டபிலிட்டி இன் யூரோப்) மாநாடுகள்தான் இந்தக் குடும்பம் கூடும் இடங்கள். ஐரோப்பாவில் நடந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும். அழைப்புக் கடிதத்தை மூன்று மாதம் முன்பே கேட்டு வாங்குங்கள். சிம்பாலிக் லாஜிக் சங்கம் மாணவ உறுப்பினர்களுக்குப் பயண உதவி தருகிறது, அதற்கும் கடைசி நாள் உண்டு.

11. போஸ்ட்டாக் தேடல்

போஸ்ட்டாக் என்பது பிஎச்.டி.க்குப் பிறகு வரும் தற்காலிக ஆராய்ச்சி வேலை. பிஎச்.டி. முடிக்கப்போகும் தேதிக்கு ஒரு வருடம் முன்பே தேடத் தொடங்குங்கள். அமெரிக்க இடங்கள் மேத்ஜாப்ஸ் தளத்தில் வரும், நவம்பர், டிசம்பரில் முடியும். ஆராய்ச்சி அறிக்கை, கற்பித்தல் அறிக்கை, ஆராய்ச்சிக்கு மூன்று கடிதம், கற்பித்தலுக்கு ஒன்று. அந்த நாலாவது கடிதத்துக்காகவே, முதல் வருடத்தில் டியூட்டரிங் எடுக்கும்போது வகுப்பை நேரில் வந்து பார்க்கச் சொல்லி ஒரு விரிவுரையாளரைக் கேட்டுவிடுங்கள். ஐரோப்பாவின் மேரி கியூரி நல்கைக்குச் செப்டம்பரில் கடைசி நாள். பட்டம் பெற்று எட்டு வருடத்துக்குள் இருக்கவேண்டும், போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக்கூடாது. தனி ஒருவரின் ஆராய்ச்சி நிதியில் வரும் இடங்கள் பல, விளம்பரம் வருமுன்பே மாநாட்டுத் தேநீர் இடைவேளையில் பேச்சாக வந்துவிடும். அங்கே இருங்கள், கேளுங்கள்.

ஒரு துறையிலேயே நிற்பவரைவிட, பக்கத்துத் துறையிலும் ஒரு கால் வைத்திருப்பவருக்கு இடம் சுலபமாகக் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்: ஃப்ராக்டல் பரிமாணம், எர்காடிக் தியரி, ரிவர்ஸ் மேத்தமேடிக்ஸ், கணினி அறிவியலில் காம்ப்ளெக்சிட்டி. இரண்டாம் வருடத்தில் இவற்றில் ஒன்றில் ஒரு செமினாருக்குப் போகத் தொடங்குங்கள். விசாவைப் பொறுத்தவரை, நியூசிலாந்தில் பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மூன்று வருட வேலை விசா உண்டு. முதல் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் போனால் உடனே ஊர் திரும்பவேண்டியதில்லை. பாடம் நடத்திக்கொண்டே அடுத்த நவம்பரில் இன்னொரு தடவை விண்ணப்பிக்கலாம். எனக்கு இரண்டாவது நவம்பரில்தான் கிடைத்தது.